சாலைக்குள் புதைந்த மாட்டுவண்டி

தேராதூனில் ஏர் போட்டோ படிக்கக் கற்றுக்கொண்டவர்கள் எல்லோருக்கும் மாட்டுவண்டியைத் தெரியும். 1966-ல் நெதர்லாந்து அரசின் உதவியோடு அங்கே தொடங்கப்பட்ட இந்தியன் போட்டோ இன்டர்பிரெடேஷன் இன்ஸ்டிடியூட்டுக்கு, நிலவியல் படித்துமுடித்த கையோடு பயிற்சிக்குப் போனவள் நான். அங்கே எங்களுக்குக் கிடைத்த முதல் எச்சரிக்கையே வண்டியை நம்பாதே என்பதுதான்.

விமானம் நேர்கோட்டில் பறக்கும். அடுத்தடுத்த படங்கள் நூற்றுக்கு 60 பங்கு ஒன்றன்மேல் ஒன்று படியும்படி கேமரா எடுத்துக்கொண்டே போகும். அந்த ஜோடியை மிரர் ஸ்டீரியோஸ்கோப்பின் கீழே வைத்து, இடது கண்ணுக்கு ஒரு படம், வலது கண்ணுக்கு மற்றது என்று நகர்த்திப் பொருத்த வேண்டும். சில நொடிகள் எல்லாம் இரட்டையாகத் தெரியும். பிறகு சட்டென்று ஒன்றுகூடி, குன்றுகள் எழும்பி நிற்கும், ஓடைகள் பள்ளத்தில் இறங்கும். எத்தனை வருடம் பார்த்தாலும் அந்த நொடியின் சந்தோஷம் எனக்குக் குறையவில்லை. அப்படி எழுந்த நிலத்தில் சாலையைத் தொடர்ந்து பார்வையை ஓட்டினால், வண்டி ஒன்று சாலைக்கு அடியில் கிடக்கும். இன்னொரு வண்டி சாலைக்கு மேலே தொங்கும்.

காரணம் எளிது. ஒரு புள்ளி இரண்டு படங்களுக்கு நடுவே எவ்வளவு தள்ளிப்போயிருக்கிறது என்பதை வைத்துத்தான் உயரம் கிடைக்கிறது. இந்தத் தள்ளலைத்தான் நாங்கள் பாரலாக்ஸ் என்போம். கிட்டே இருப்பது அதிகம் தள்ளும், எட்டி இருப்பது குறைவாகத் தள்ளும். ஆனால் இரண்டு படங்களும் ஒரே நேரத்தில் எடுத்தவை அல்ல. இடையே பல நொடிகள் போய்விடுகின்றன. விமானம் போகும் திசையிலேயே வண்டியும் நகர்ந்திருந்தால் அதன் தள்ளல் குறைந்துவிடும். கண் அதைத் தொலைவு என்று எடுத்துக்கொண்டு வண்டியைப் பூமிக்குள் அனுப்பிவிடும். எதிரே வந்த வண்டியை மேலே தூக்கிவிடும். 2000 மீட்டர் உயரத்தில் மணிக்கு 200 கிலோமீட்டர் வேகத்தில் விமானம் போகிறது, வண்டி நொடிக்கு 1 மீட்டர் நகர்கிறது என்று வைத்துக் கணக்குப் போட்டால், வண்டி சுமார் 37 மீட்டர் ஆழத்தில் கிடக்கும். லாரி என்றால் பொருந்தவே பொருந்தாது, இரட்டையாகவே நிற்கும்.

இன்றைக்கு கார்களின் முன்கண்ணாடிக்குப் பின்னால் இரண்டு கேமராக்களைப் பொருத்தி, எதிரே குறுக்கிடும் குழந்தை எந்தப் பக்கம் எவ்வளவு வேகத்தில் ஓடுகிறது என்று கம்ப்யூட்டரைக் கண்டுபிடிக்க வைக்கிறார்கள். அந்தத் துறையில் வேலை செய்யும் இளைஞர்களோடு பேசினால், தங்கள் பிரச்சினை 1980-களில் ஏதோ ஒரு ஆய்வுக்கூடத்தில் பிறந்தது போலச் சொல்வார்கள். அது பிறந்தது அதற்கு 80 ஆண்டுகளுக்கு முன்னால். நகர்வும் ஆழமும் ஒன்றை ஒன்று ஏமாற்றும் என்பதை முதலில் கண்டு திகைத்தவர்கள் வானியலாளர்களும் வரைபடக்காரர்களும். அவர்களுடைய கதையை ஒழுங்காகச் சொல்ல வேண்டும் என்பது என் நெடுநாள் ஆசை.

லண்டன் கிங்ஸ் கல்லூரியின் சார்லஸ் வீட்ஸ்டன் 1838-ல் ராயல் சொசைட்டிக்கு எழுதிய கட்டுரையில்தான், இரண்டு கண்ணும் காணும் சிறு வேறுபாட்டிலிருந்தே ஆழம் தோன்றுகிறது என்பது நிரூபணமானது. புகைப்படம் உலகுக்கு அறிவிக்கப்பட்டது அதற்கு அடுத்த வருடம். ஆகவே அவர் தம் கண்ணாடிக் கருவிக்குக் கையால் கோட்டுப் படங்களை வரைந்துகொண்டார். அதன்பின் ஸ்டீரியோஸ்கோப் வீட்டுக் கூடங்களின் விளையாட்டுப் பொருளாகப் பல பத்தாண்டுகள் இருந்தது. அளவுக் கருவியாக அதை மாற்றியது 1890-களில் ஜெர்மனியில் ஃபிரான்ஸ் ஷ்டோல்ட்செ கண்டுபிடித்த மிதக்கும் புள்ளி. இரு படங்கள்மீதும் ஒவ்வொரு குறியை வைத்தால், கண்ணுக்கு அவை ஒரே புள்ளியாகி நிலத்தின்மேல் மிதக்கும். குறிகளின் இடைவெளியைக் கூட்டிக் குறைத்தால் புள்ளி ஏறி இறங்கும். அது நிலத்தைத் தொடும் இடத்தில் அளவைப் படித்துக்கொள்ளலாம். வைல்டு ஏ8 போன்ற பெரிய இயந்திரங்களில் வேலை செய்தவர்கள் நாள் முழுக்கச் செய்தது இதைத்தான். புள்ளியை நிலத்தில் தொடவைத்து, மண்ணுக்குள் முங்காமல் மலையைச் சுற்றி ஓட்டுவார்கள். பென்சில் மறுபுறம் சம உயரக் கோட்டை வரைந்துகொண்டே வரும்.

இந்தக் கதையின் மையத்தில் இருப்பவர் கார்ல் புல்ஃபிரிஷ். 1858-ல் பிறந்தவர். 1890-ல் எர்ன்ஸ்ட் அபே அழைத்து யேனா நகரத்தின் ட்ஸைஸ் தொழிற்சாலையில் சேர்ந்தார். 1901-ல் அவர் உருவாக்கிய ஸ்டீரியோகம்பரேட்டர் இரண்டு கண்ணாடி நெகட்டிவ்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, இருகண் நுண்ணோக்கியால் பார்த்து, மிதக்கும் புள்ளியால் அளக்கும் கருவி. வரைபடக்காரர்கள் அதை வைத்து மலைகளை அளந்தார்கள். வியன்னாவின் ராணுவப் புவியியல் நிறுவனத்தில் எடுவார்ட் ஃபான் ஓரெல் அதோடு கோல்களையும் பென்சிலையும் இணைத்து, தானே கோடு வரையும் இயந்திரமாக 1909 வாக்கில் வளர்த்தெடுத்தார்.

நான் சொல்ல வந்தது அதைவிடச் சுவையான இன்னொரு பயனை. ஹைடல்பெர்க்கின் மாக்ஸ் வொல்ஃப், புகைப்படத் தகடுகளில் சிறுகோள் தேடியவர்களில் முன்னோடி. 1891-ல் அவர் கண்டுபிடித்த புரூசியாதான் புகைப்படத்தின் வழியாகக் கிடைத்த முதல் சிறுகோள். வெவ்வேறு இரவுகளில் எடுத்த இரண்டு தகடுகளை ஸ்டீரியோ முறையில் பார்த்தால் என்ன நடக்கும் என்பது அவருக்குத் தெரிந்திருந்தது. விண்மீன்கள் ஒரே தளத்தில் தட்டையாகக் கிடக்கும். இடையில் இடம் மாறிய ஒன்று மட்டும் தளத்தைவிட்டு முன்னே வந்தோ பின்னே போயோ நிற்கும். 1899-ல் அவர் எடுத்த சனியின் ஜோடிப் படத்தில் விண்மீன்களுக்கு முன்னால் அந்தரத்தில் தொங்கும் கோளைப் பார்க்கலாம். அந்தத் தள்ளல், பூமியும் சனியும் அந்த இடைவேளையில் ஓடிய ஓட்டத்தால் வந்தது. எங்களை ஏமாற்றிய அதே பிழையை வொல்ஃப் ஒரு வலையாக விரித்து, நகர்வதைப் பிடித்தார். ஆயிரக்கணக்கான வெண்புள்ளிகளை ஒவ்வொன்றாக ஒப்பிடுவதற்குப் பதிலாக, தளத்தைவிட்டு விலகிய ஒன்றைக் கண் தானே காட்டிக்கொடுத்தது. நகர்வைத் தேட ஸ்டீரியோவை வேண்டுமென்றே பயன்படுத்திய மிகப் பழைய உதாரணங்களில் இதுவும் ஒன்று என்பேன்.

எல்லோருடைய கண்ணும் ஸ்டீரியோவுக்கு ஒரேபோல இணங்குவதில்லை. 1904-ல் புல்ஃபிரிஷ் இன்னொரு வழி சொன்னார். இரண்டு தகடுகளையும் மாற்றி மாற்றி ஒரே கண்ணுக்குக் காட்டினால் நிலையானவை அசையாமல் நிற்கும், நகர்ந்தது மட்டும் துள்ளும். அந்த பிளிங்க் கம்பரேட்டரில்தான், அமெரிக்காவின் லோவெல் வானாய்வகத்தில் 24 வயது கிளைட் டாம்பா, 1930 ஜனவரி 23, 29 ஆகிய இரவுகளின் தகடுகளை வைத்து, பிப்ரவரி 18 அன்று புளூட்டோவைக் கண்டார். தள்ளலை ஆழமாகப் படிப்பதா, அசைவாகப் படிப்பதா என்ற இரண்டு வழிகளும் ஒரே மனிதரின் மேசையிலிருந்து வந்தவை.

புல்ஃபிரிஷின் பிற்காலக் கதையைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு நெஞ்சு கனக்கும். ஸ்டீரியோகம்பரேட்டரில் வேலை செய்த வானியலாளர்கள் ஒரு தொல்லையைக் கவனித்தார்கள். ஒரு தகடு கறுத்தும் மற்றது வெளுத்தும் இருந்தால், தகடுகளை நகர்த்தும்போது அளவுப்புள்ளி முன்னும் பின்னும் அலைந்தது. நிறுத்தினால் சரியாகிவிட்டது. புல்ஃபிரிஷின் சக ஊழியர் ஃபெர்ட்ஷ் அதற்கு விளக்கம் கண்டார். மங்கலான படத்தைப் பார்க்கும் கண்ணிலிருந்து செய்தி மூளைக்குச் சற்றுத் தாமதமாகப் போகிறது. ஆகவே ஓடும் பொருளை ஒரு கண் இப்போதும் மற்ற கண் சற்று முன்பும் பார்க்கிறது. அந்த நேர இடைவெளி ஆழமாக மாறுகிறது. நூலில் கட்டிய ஒரு குண்டைப் பக்கவாட்டில் ஆடவிட்டு, ஒரு கண்ணுக்கு மட்டும் கறுப்புக் கண்ணாடி வைத்துப் பாருங்கள். நேர்கோட்டில் ஆடுகிற குண்டு நீள்வட்டமாகச் சுற்றுவது தெரியும். 1922-ல் புல்ஃபிரிஷ் இதை விரிவாக எழுதினார். இந்த விளைவு இன்றும் அவர் பெயராலேயே வழங்குகிறது. ஆனால் அவர் அதைக் கண்டதே இல்லை. 1906 வாக்கிலிருந்து அவருக்கு இடது கண் பார்வை கிடையாது. உலகத்துக்கு இருகண் கருவிகளைச் செய்து கொடுத்தவர், தம் பெயர் தாங்கிய காட்சியைப் பிறர் சொல்லக் கேட்டே எழுதினார். 1927-ல் பால்டிக் கடலில் படகு கவிழ்ந்து இறந்துபோனார்.

இந்தத் துறையின் மூல ஆவணம் எது என்று என்னைக் கேட்டால் 1922-ன் அந்தக் கட்டுரையைக் காட்டுவேன். இரண்டு பார்வைகள் ஒரே கணத்தைச் சேர்ந்தவையாக இல்லாவிட்டால் நகர்வு ஆழமாக வேஷம் போடும் என்பதை ஆய்வுக்கூடத்தில் நிறுவிக் காட்டியது அது. பிழை எங்கே இருக்கிறது என்று தெரிந்துவிட்டால் மருந்தும் தெரிந்துவிடும். ஒரே கணத்தில் இரண்டு படம் எடு. சற்றுப் பொறுத்து மறுபடி ஒரே கணத்தில் இரண்டு எடு. முதல் ஜோடியிலிருந்து ஆழம், இரண்டாம் ஜோடியிலிருந்தும் ஆழம், இரண்டையும் கழித்தால் நகர்வு. மெதுவாக நகரும் பொருளுக்கு இது அப்போதே சாத்தியமாக இருந்தது. 1934-ல் வில்லி மெர்க்ல் தலைமையில் நங்க பர்பத் மலைக்குப் போன ஜெர்மானியக் குழுவில் ரிச்சர்ட் ஃபின்ஸ்டர்வால்டர் இருந்தார். அவர் ஸ்டீரியோ படங்களால் அந்த மலையின் வரைபடத்தை ஆக்கியதோடு பனியாறுகள் நகரும் வேகத்தையும் அளந்தார். உறைந்த ஆறு என்பதால் ஒரு ஜோடி எடுத்துமுடிக்கும் வரை அது காத்திருக்கும். ஓடுகிற தண்ணீர் காத்திராது. நோவா ஸ்கோஷியாவின் கேமரன் 1950-களில் அதற்கு வொல்ஃபின் தந்திரத்தையே கையாண்டார். வான்படத்தில் நீர்ப்பரப்பின் மிதவைகள் பொய்யாக ஏறி இறங்கும் உயரத்தை அளந்து, நீரோட்டத்தின் வேகத்தைக் கணக்கிட்டார். தண்ணீர் மட்டமாகத்தான் இருக்கும் என்று தெரிந்தபடியால் தெரியும் உயரம் முழுவதும் வேகம்தான். மாட்டுவண்டியைக் கேமரன் விளைவு என்று எங்கள் பாடப்புத்தகங்கள் சொன்னது இவர் பெயரால்.

இதுவரை பொருத்தம் பார்த்ததெல்லாம் மனிதக் கண். இடது படத்தின் இந்தப் புள்ளிதான் வலது படத்தின் அந்தப் புள்ளி என்று யார் சொல்வது? மூளை முதலில் மரம், வீடு என்று உருவங்களை அடையாளம் கண்டு பிறகுதான் பொருத்துகிறது என்று பலர் நம்பினார்கள். 1956-ன் கலவரத்துக்குப் பின் ஹங்கேரியைவிட்டு வெளியேறி பெல் ஆய்வகத்தில் சேர்ந்த பேலா யூலெஸ், 1960-ல் அதை உடைத்தார். கம்ப்யூட்டரால் தாறுமாறான கறுப்பு வெள்ளைப் புள்ளிகளை நிரப்பிய இரண்டு படங்களை அச்சிட்டு, ஒன்றில் நடுச்சதுரத்தை மட்டும் சற்றுத் தள்ளிவைத்தார். தனித்தனியே பார்த்தால் எந்த உருவமும் இல்லை. இருகண்ணால் பார்த்தால் சதுரம் மேலெழுந்தது. உருவம் தெரியாமலே பொருத்த முடியும் என்றால் இயந்திரமும் பொருத்தலாம். எம்ஐடியின் டேவிட் மார், டோமாசோ போஜியோவோடு சேர்ந்து 1976-ல் அதற்கொரு கணக்கு முறையை வெளியிட்டார். மார் 1980-ல் 35 வயதில் ரத்தப் புற்றுநோயால் இறந்தார்.

ஸ்டான்ஃபோர்டில் ஏற்கெனவே இருந்த ஒரு ரோபோ வண்டியை ஹான்ஸ் மொராவெக் மாற்றி அமைத்தார். அதன் தலையில் ஒரே ஒரு கேமரா, அரை மீட்டர் நீளத் தண்டவாளத்தின்மேல். வண்டி நின்றவுடன் கேமரா தண்டவாளத்தில் சறுக்கி, ஒன்பது இடங்களில் ஒவ்வொரு படம் எடுக்கும். கம்ப்யூட்டர் 10, 15 நிமிடம் யோசித்து நாற்காலிகள் எங்கே இருக்கின்றன என்று கண்டுபிடிக்கும். பிறகு வண்டி ஒரு மீட்டர் போகும். 1979-ல் நாற்காலிகள் நிறைந்த 20 மீட்டர் அறையை அது ஆள் உதவியின்றிக் கடக்க ஏறத்தாழ 5 மணி நேரம் பிடித்தது. ரோபோ வரலாற்றில் பெருமையாகச் சொல்லப்படும் நாள் அது. எனக்கு அதைவிட முக்கியமாகப் படுவது வெளியே வெயிலில் ஓட்டிப் பார்த்தபோது நடந்தது. வண்டி யோசித்து முடிப்பதற்குள் சூரியன் நகர்ந்து நிழல்களும் நகர்ந்துவிட்டன. அழுத்தமான நிழல் விளிம்புகளை நிலையான பொருள் என்று எடுத்துக்கொண்ட கம்ப்யூட்டர், தான் எங்கே நிற்கிறோம் என்பதிலேயே குழம்பியது. யேனாவில் 1922-ல் எழுதி வைத்த பாடம் கலிபோர்னியா வெயிலில் மறுபடி படிக்கப்பட்டது.

மொராவெக்கின் மாணவர் லாரி மாத்தீஸ் கார்னெகி மெலனில் 1989-ல் முடித்த முனைவர் ஆய்வின் பொருளே இயங்கும் ஸ்டீரியோ பார்வை. ஒரே கணத்தில் பார்க்கும் இரண்டு கேமராக்கள், ஜோடி ஜோடியாகப் படங்கள், அவற்றிலிருந்து வண்டியின் சொந்த நகர்வு. அவர் பிறகு நாசாவின் ஜெட் புரொபல்ஷன் ஆய்வகத்துக்குப் போனார். 2004-ல் செவ்வாயில் இறங்கிய ஸ்பிரிட், ஆப்பர்சூனிட்டி ஊர்திகள் இந்த வழியில்தான் தம் இருப்பிடத்தை அறிந்தன. மணல் சரிவில் சக்கரம் சுற்றும், ஊர்தி நகராது. சக்கரத்தின் சுற்றை எண்ணினால் பொய்க்கணக்கு வரும். ஸ்டீரியோ கேமரா கற்களைப் பார்த்து, உண்மையில் எவ்வளவு ஏறினோம் என்று சொன்னது. 20 மெகாஹெர்ட்ஸ் கம்ப்யூட்டருக்கு ஒரு முறை கணக்குப் போட ஏறத்தாழ 3 நிமிடம் ஆனது. செவ்வாயில் ஒரு வசதி, குறுக்கே ஓட யாரும் இல்லை.

தெருவில் நிலைமை வேறு. காரும் ஓடுகிறது, எதிரே எல்லாமும் ஓடுகின்றன. 1981-ல் புரூஸ் லூகாஸும் டாகேயோ கனாடேயும் ஒரு படத்துண்டை மற்றொரு படத்தில் எப்படித் தேடிப் பொருத்துவது என்று எழுதிய சிறு கட்டுரை ஸ்டீரியோவுக்காக எழுதப்பட்டது. ஆனால் அதுவே அடுத்தடுத்த வீடியோ ஃபிரேம்களில் நகர்வைத் தொடரவும் உதவியது. இடதுக்கும் வலதுக்கும் உள்ள தள்ளலும், இப்போதுக்கும் அப்போதுக்கும் உள்ள தள்ளலும் கணக்குக்கு ஒன்றுதான். கனாடேயின் குழு 1999-ல், காட்சியின் ஒவ்வொரு புள்ளிக்கும் முப்பரிமாண நகர்வைக் கண்டுபிடிக்கும் சீன் ஃப்ளோ என்ற முறையை முன்வைத்தது.

ஜோடியிலிருந்து ஜோடியைக் கழிப்பது என்று மேலே சுலபமாகச் சொல்லிவிட்டேன். அதிலுள்ள ஆபத்தை ஒரு கணக்கால் காட்டுகிறேன். கேமராக்களுக்கு நடுவே 30 சென்டிமீட்டர் இடைவெளி, லென்சின் குவியத் தொலைவு 1000 பிக்சல் என்று வைப்போம். 30 மீட்டர் தொலைவில் நிற்கும் குழந்தையின் தள்ளல் 10 பிக்சல். கால் பிக்சல் பிழை நேர்ந்தால் தொலைவு 75 சென்டிமீட்டர் தப்பும். 60 மீட்டர் தொலைவிலோ அதே கால் பிக்சலுக்கு 3 மீட்டர் தப்பும். அடுத்த ஃபிரேம் நொடியில் 25-ல் ஒரு பங்கில் வந்துவிடுகிறது. 30 மீட்டரில் நேர்ந்த அந்த 75 சென்டிமீட்டரை இந்த நேரத்தால் வகுத்தால், அசையாமல் நிற்கும் குழந்தை மணிக்கு 68 கிலோமீட்டர் வேகத்தில் ஓடுவதாக விடை வரும்.

ஜெர்மனியின் டைம்லர் நிறுவனத்தில் ஊவே ஃபிராங்கே குழு 2005-ல் வியன்னா மாநாட்டில் வெளியிட்ட 6டி விஷன் இதற்குத்தான் மருந்து. ஒவ்வொரு புள்ளிக்கும் இடத்துக்கு மூன்று எண், வேகத்துக்கு மூன்று எண் என்று ஆறு எண்களை வைத்துக்கொண்டு, புது ஃபிரேம் வரும்போதெல்லாம் பழைய ஊகத்தைத் திருத்திக்கொண்டே போகும் கால்மன் ஃபில்ட்டரை ஆயிரக்கணக்கான புள்ளிகளுக்கு ஒரே சமயத்தில் ஓட்டினார்கள். அந்த ஃபில்ட்டரைத் தந்த ருடால்ஃப் கால்மனும் யூலெஸைப் போல புடாபெஸ்ட்டில் பிறந்தவர். அவருடைய கட்டுரையும் 1960-ல்தான் வந்தது. அவர்கள் காட்டும் உதாரணம், நிறுத்தியிருக்கும் காரின் பின்னாலிருந்து ஓடிவரும் குழந்தை. ஒரு படத்தில் காரும் குழந்தையும் ஒரே திரளாகத்தான் தெரியும், தொலைவும் ஏறத்தாழ ஒன்றே. வேகத்தைச் சேர்த்தவுடன், ஒரே பக்கம் நகரும் புள்ளிகள் மட்டும் காரிலிருந்து பிரிந்து வருகின்றன. தட்டையான விண்மீன் கூட்டத்திலிருந்து வொல்ஃப் பிரித்தெடுத்ததைப் போன்ற வேலையே இதுவும். 2013-ல் மெர்சிடீஸ் எஸ் கிளாஸ் கார்களில் ஸ்டீரியோ கேமரா விற்பனைக்கு வந்தது. அதே ஆண்டு ஆகஸ்டில், பெர்த்தா பென்ஸ் 1888-ல் காரோட்டிப் போன மன்ஹைம் முதல் ஃபோர்ட்ஸ்ஹைம் வரையிலான பாதையில் ஒரு கார் தானே ஓடிக் காட்டியது.

அதற்குப் பின் நரம்பு வலைப்பின்னல்கள் வந்தன. பல்லாயிரம் ஜோடிகளைப் பார்த்து அவை தாமே பொருத்தக் கற்றுக்கொள்கின்றன. அவற்றைச் சோதிக்க உண்மை அளவு வேண்டுமே. கார்ல்ஸ்ரூஹே நகரத் தெருக்களில் எடுத்த கிட்டி தரவுத் தொகுப்பு 2012-ல் வந்தது. கூரையில் சுழலும் லேசர் கருவி நொடிக்கு 10 சுற்றுச் சுற்றித் தொலைவுகளை அளக்கும். அடர்த்திக்காகப் பல சுற்றுகளை ஒன்றுசேர்த்தார்கள். கட்டடங்களும் மரங்களும் துல்லியமாக வந்தன. ஓடிய கார்கள் மட்டும் இழுபட்டுக் கலைந்தன, சுற்றுக்குச் சுற்று அவை இடம் மாறியிருந்தபடியால். அதனால் நகரும் பொருள் இல்லாத காட்சிகளை மட்டுமே அந்த முதல் சோதனைக்கு வைத்துக்கொண்டார்கள். 2015-ல் மோரிட்ஸ் மென்ட்செயும் ஆண்ட்ரியாஸ் கைகரும் நகரும் கார்களையும் சேர்க்க விரும்பியபோது, லேசர் புள்ளிகளை மட்டும் நம்பவில்லை. அந்த வகைக் காரின் முப்பரிமாண மாதிரியைக் கம்ப்யூட்டரில் எடுத்து, ஒவ்வொரு கணத்திலும் அது எங்கே நின்றிருக்க வேண்டும் என்று பொருத்திப் பார்த்து, 400 காட்சிகளுக்கு உண்மை அளவைத் தயாரித்தார்கள்.